2005 அட்லாண்டிக் புயல் பருவம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புயல் பாடம் எடுக்கும்போதெல்லாம் வகுப்பில், 2005இல் அமெரிக்காவைத் தாக்கிய கத்ரீனா புயலின் செயற்கைக்கோள் படத்தைக் காட்டுவேன். மெக்சிகோ வளைகுடாவை அடைத்துக்கொண்டு ஒரு வெள்ளைச் சக்கரம், நடுவில் கறுப்பாக ஒரு ஓட்டை. படத்தைப் பார்த்த உடனே கைகள் உயரும். பிள்ளைகள் கேட்பதையேதான் பெற்றோரும் கேட்கிறார்கள், ஆசிரியர் அறையிலும் கேட்கிறார்கள். வருஷா வருஷம் வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

1. ஹரிக்கேன்னா நம்ம ஊர்ப் புயல்தானே சார்? வேற ஏதாவதா?

அதேதான். வங்கக் கடலில் வந்தால் புயல் என்கிறோம், அட்லாண்டிக்கில் வந்தால் ஹரிக்கேன், ஜப்பான், பிலிப்பைன்ஸ் பக்கம் வந்தால் டைஃபூன். எல்லாவற்றுக்கும் தீனி ஒன்றுதான், சூடான கடல் நீர். கடலிலிருந்து ஏறும் நீராவி மேலே குளிர்ந்து மழையாகும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது. அந்த வெப்பம் காற்றை இன்னும் மேலே தூக்க, கீழே அழுத்தம் குறைகிறது. குறைந்த இடத்தை நிரப்பச் சுற்றுப்புறக் காற்று ஓடி வருகிறது. பூமி சுழல்வதால் அது நேராக வர முடியாமல் வளைந்து சுற்றுகிறது.

கணக்கில்தான் வித்தியாசம். அட்லாண்டிக்கில் காற்று மணிக்கு 63 கி.மீ. வேகத்தை எட்டினால் பெயர் வைப்பார்கள், 119ஐத் தொட்டால் ஹரிக்கேன். அதற்கு மேல் 1 முதல் 5 வரை வகை பிரிப்பார்கள். 178இலிருந்து 3ஆம் வகை, 252இலிருந்து 5ஆம் வகை. இந்த வகை எண் காற்றின் வேகத்தை வைத்துப் போடுவது. இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் பல இடத்தில் தேவைப்படும்.

2. 2005ல அப்படி என்னதான் நடந்துச்சு? சுருக்கமா சொல்லுங்க.

அட்லாண்டிக்கில் ஒரு வருஷத்துக்குச் சுமார் 10 புயல் என்பதுதான் அப்போதைய சராசரி. 2005இல் 28 வந்தன. அதில் 15 ஹரிக்கேனாக வளர்ந்தன. ஏழு, 3ஆம் வகையையோ அதற்கு மேலேயோ தொட்டன. எமிலி, கத்ரீனா, ரீட்டா, வில்மா ஆகிய நான்கும் 5ஆம் வகைக்கே போயின. ஒரே பருவத்தில் நான்கு 5ஆம் வகை என்பது அதற்கு முன்னும் பதிவானதில்லை, பின்னும் இல்லை.

அமெரிக்க வானிலைத் துறை மே மாதம் 12 முதல் 15 புயல் வரும் என்று கணித்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில் அதை 18 முதல் 21 என்று உயர்த்தியது. உயர்த்தியதற்குக் காரணம் இருந்தது. ஜூலை முடிவதற்குள்ளேயே ஏழு புயல்கள் வந்துவிட்டன. டென்னிஸ் அதற்குள் ஹைட்டியிலும் கியூபாவிலும் உயிர்களைக் குடித்துவிட்டு ஃபுளோரிடாவில் கரையேறியிருந்தது.

3. சீசன் நவம்பரோட முடியணுமே, ஜனவரி வரைக்கும் எப்படி இழுத்துச்சு?

ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை என்பது நாம் வசதிக்காகப் போட்ட கோடு. கடல் அந்தத் தேதியைப் பார்ப்பதில்லை. 2005இல் எப்சிலான் என்ற புயல் டிசம்பர் 2 அன்று ஹரிக்கேனாகி, ஐந்து நாள் ஹரிக்கேனாகவே நீடித்தது. ஒவ்வொரு அறிக்கையிலும் அது வலுவிழக்கும் என்று எழுதினார்கள், அது வலுவிழக்கவில்லை. கடைசிப் புயல் ஸீட்டா டிசம்பர் 30 அன்று உருவாகி, 2006 ஜனவரி 6 வரை நடுக்கடலில் சுற்றியது. 1954இலும் இப்படி ஒரு புயல் புத்தாண்டைத் தாண்டியிருக்கிறது.

4. அந்த வருஷம் மட்டும் ஏன் இத்தனை?

ஒரே காரணம் என்று எதையும் கைகாட்ட முடியாது, பல சாதகங்கள் ஒன்றாகக் கூடிவிட்டன. வெப்பமண்டல அட்லாண்டிக்கின் நீர் அந்தக் கோடையில் வழக்கத்தைவிட மிகச் சூடாக இருந்தது. மேலடுக்குக் காற்றும் கீழடுக்குக் காற்றும் வேறு வேறு திசையில் வீசினால் வளரும் புயலின் தலை ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம் என்று பிய்ந்துபோகும். அந்த வருஷம் இந்த முரண்காற்று பலவீனமாக இருந்தது. பசிபிக் கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடேறி, அட்லாண்டிக் புயல்களை அடக்கி வைக்கும் எல் நினோவும் இல்லை.

இதோடு மெக்சிகோ வளைகுடாவையும் சொல்ல வேண்டும். கரீபியன் கடலிலிருந்து ஒரு வெந்நீர் ஓட்டம் வளைகுடாவுக்குள் நுழைந்து, வளைந்து, ஃபுளோரிடாவைச் சுற்றி வெளியேறுகிறது. சாதாரணமாகப் புயல் கடலைக் கலக்கும்போது அடியிலிருக்கும் குளிர்ந்த நீர் மேலே வந்து புயலின் வேகத்தைக் குறைக்கும். இந்த ஓட்டத்தில் சூடு வெகு ஆழம்வரை இருப்பதால், கலக்கினாலும் வெந்நீரே வருகிறது. கத்ரீனாவும் ரீட்டாவும் இதன் மேலாகத்தான் போயின.

5. பேரெல்லாம் தீர்ந்துபோய் ஆல்ஃபா, பீட்டான்னு வச்சாங்களாமே, நிஜமா?

நிஜம்தான். அட்லாண்டிக் பட்டியலில் வருஷத்துக்கு 21 பெயர்கள். க்யூ, யூ, எக்ஸ், ஒய், இஸட் எழுத்துகளில் பெயர் வைப்பதில்லை. 2005இல் அக்டோபர் நடுவிலேயே வில்மாவோடு பட்டியல் காலி. அதற்குப் பின் வந்த ஆறுக்கும் ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா, எப்சிலான், ஸீட்டா என்று கிரேக்க எழுத்துகளை வைத்தார்கள். அதுவரை அப்படிச் செய்ய வேண்டிய நிலை வந்ததேயில்லை. 2020இல் மறுபடி வந்தது. ஸீட்டா, ஈட்டா, தீட்டா என்று ஒரே ஓசையில் பெயர்கள் வர, மக்கள் குழம்பினார்கள். 2021இல் உலக வானிலை அமைப்பு கிரேக்க எழுத்தைக் கைவிட்டு, மாற்றுப் பெயர்களாகத் தனிப் பட்டியல் ஒன்றைத் தயார் செய்தது.

நம் பக்கம் முறையே வேறு. வட இந்தியப் பெருங்கடலில் 2004இல்தான் பெயர் வைக்கத் தொடங்கினார்கள். நாடுகள் கொடுத்த பெயர்களை வரிசையாக எடுப்போம், ஒருமுறை வைத்ததைத் திரும்ப வைப்பதில்லை. எப்சிலான் அட்லாண்டிக்கில் அடங்கிய சில நாளில், 2005 டிசம்பர் 10 வாக்கில் ஃபானூஸ் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது.

6. கத்ரீனா அஞ்சாம் நம்பர் புயல்தானே? நெட்ல மூணுன்னு போட்டிருக்கு.

இரண்டும் சரி. கத்ரீனா ஆகஸ்ட் 23 அன்று பஹாமாஸ் அருகே உருவாகி, 25ஆம் தேதி வெறும் 1ஆம் வகையாக ஃபுளோரிடாவைக் கடந்தது. வளைகுடாவுக்குள் போனதும் 28ஆம் தேதி மணிக்கு 280 கி.மீ. காற்றோடு 5ஆம் வகை ஆனது. 29ஆம் தேதி காலையில் லூசியானாவின் புராஸ் அருகே கரை ஏறும்போது காற்று 205 கி.மீ.க்கு இறங்கியிருந்தது. அது 3ஆம் வகை.

இங்கேதான் முதல் கேள்வியில் சொன்னது முக்கியமாகிறது. காற்று இறங்கியது, கடல் இறங்கவில்லை. 5ஆம் வகையாக இருந்தபோது எழுப்பிய அலைகள் முன்னமே கரையை நோக்கிக் கிளம்பிவிட்டன. புயலின் அகலமும் பிரமாண்டம். மிசிசிப்பி மாநிலக் கரையோரமோ வெகு தூரம் ஆழமில்லாத கடல். தண்ணீருக்குப் போக வேறு வழியில்லாமல் நிலத்தில் ஏறியது. பாஸ் கிறிஸ்டியன் என்ற ஊரில் கடல் சுமார் 8.5 மீட்டர் உயர்ந்தது. கிட்டத்தட்ட இரண்டு மாடி உயரம். அப்போதைய வகை அட்டவணையில் 3ஆம் வகைக்கு நேராகக் கடல் 9 முதல் 12 அடி உயரும் என்று போட்டிருந்தார்கள். வந்தது 28 அடி. பிறகு 2010இல் கடல் உயரத்தை அந்த அட்டவணையிலிருந்து எடுத்தே விட்டார்கள்.

7. அப்போ அது சுனாமி மாதிரியா?

நமக்கு அந்தக் கேள்வி வருவது இயல்பு. கத்ரீனா வந்தது 2004 டிசம்பர் 26க்கு எட்டே மாதம் கழித்து. ஆனால் சுனாமிக்குக் காரணம் கடலடி நிலநடுக்கம். தரை தூக்கிப்போட, மேலிருந்து அடிவரை மொத்தக் கடலும் நகர்கிறது. புயலில் கடலைத் தள்ளுவது காற்று. மணிக்கணக்காக ஒரே பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பதால் கரையில் தண்ணீர் மேடு கட்டுகிறது. முன்னதில் சில நிமிஷம், அதிகம் போனால் சில மணி நேரம்தான் அவகாசம். பின்னதில் நாள் கணக்கில் முன்னறிவிப்பு கிடைக்கும்.

8. நியூ ஆர்லியன்ஸ் ஏன் முழுகிச்சு? புயல்தான் நேரா அடிக்கலையே?

இந்தக் கேள்வியைக் கேட்கும் பிள்ளையை நான் பாராட்டுவேன். புயலின் கண் நகரத்துக்குக் கிழக்கே போனது. நகரத்தின் ஏறத்தாழப் பாதி கடல் மட்டத்துக்குக் கீழே, ஒரு பக்கம் மிசிசிப்பி ஆறு, மறுபக்கம் பான்சர்ட்ரைன் ஏரி. ஒரு கிண்ணத்துக்குள் ஊர் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மழைத் தண்ணீரைக்கூட பம்ப் வைத்துக் கால்வாய்களில் இறைத்து ஏரிக்கு அனுப்புகிறார்கள். அந்தக் கால்வாய்களின் கரையில் கட்டிய கான்கிரீட் தடுப்புச் சுவர்கள்தான் ஊரைக் காத்து நின்றன.

17ஆம் தெருக் கால்வாயில் தண்ணீர் சுவரின் தலையைத் தொடவே இல்லை. அதற்கு முன்னமே சுவர் சரிந்துவிட்டது. அடியில் இருந்தது மென்மையான களிமண். தண்ணீரின் அழுத்தத்தில் சுவரோடு சேர்ந்து மண்ணும் வழுக்கியது. லண்டன் அவென்யூ கால்வாயில் அடியிலிருந்த மணல் வழியாக நீர் ஊறி, கரை விட்டுக்கொடுத்தது. தொழிற்சாலைக் கால்வாயில்தான் தண்ணீர் உண்மையிலேயே சுவரைத் தாண்டி வழிந்தது. அங்கே கரை உடைந்து, ஒரு பெரிய சரக்குப் படகே உடைப்பின் வழியாக வந்து, லோயர் நைன்த் வார்டு வீடுகளின் மேல் உட்கார்ந்தது. நகரத்தின் 80 சதவீதம் நீரில் மூழ்கியது. முழுசாக இறைத்து முடிக்க அக்டோபர் 11 ஆயிற்று.

இந்தச் சுவர்களை வடிவமைத்துக் கட்டிய ராணுவப் பொறியாளர் படை, வடிவமைப்பில் குறை இருந்ததை 2006 ஜூனில் ஒப்புக்கொண்டது. கத்ரீனாவை இயற்கைப் பேரிடர் என்று மட்டும் எழுதும் பாடநூலைப் பார்த்தால் எனக்கு ஆறவே ஆறாது. அந்த ஊரில் செத்தவர்களில் பலரைக் கொன்றது, நிற்க வேண்டிய சுவர் நிற்காமல் போனது.

9. முன்கூட்டியே சொல்லியும் ஏன் ஜனங்க வெளியேறல?

பெரும்பாலானோர் வெளியேறினார்கள். எச்சரிக்கையிலும் குறை இல்லை. 28ஆம் தேதி காலை ஸ்லைடெல் வானிலை அலுவலகம், இந்தப் பகுதி வாரக்கணக்கில் மனிதர் வாழ முடியாததாகும், தண்ணீருக்கே தவிப்பார்கள் என்ற அளவுக்குப் பட்டவர்த்தனமாக எழுதியது. அதே காலையில்தான் மேயர் கட்டாய வெளியேற்றத்துக்கு உத்தரவிட்டார். கரையேற ஒரு நாள்கூட மீதமில்லை.

மிச்சம் இருந்தவர்கள் யார் என்று பாருங்கள். நகரத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு குடும்பத்துக்குக் கார் இல்லை. மாதக் கடைசி வேறு, சம்பளத்தையோ உதவித்தொகையையோ நம்பி இருப்பவர்கள் கையில் காசு இருக்காது. முதியவர்கள், படுத்த படுக்கையாக இருந்தவர்கள், அவர்களை விட்டுப் போக மனமில்லாதவர்கள். லூசியானாவில் இறந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் 75 வயதை ஒட்டியோ தாண்டியோ இருந்தவர்கள். சூப்பர்டோம் விளையாட்டரங்கில் ஒதுங்கிய ஆயிரக்கணக்கானவர்கள் கூரை பிய்ந்து, மின்சாரம் இல்லாமல், கழிவறை நிரம்பி வழியும் நிலையில் நாள் கணக்கில் பேருந்துக்குக் காத்திருந்தார்கள். மத்தியப் பேரிடர் அமைப்பின் தலைவர் மைக்கேல் பிரவுன் செப்டம்பர் 12 அன்று பதவி விலகினார்.

தண்ணீர் வடிந்த பிறகு தேடுதல் குழுக்கள் வீடு வீடாகப் போய்ச் சுவரில் ஸ்ப்ரே பெயின்ட்டால் பெருக்கல் குறி போட்டன. மேலே தேதி, இடது பக்கம் குழுவின் அடையாளம், வலது பக்கம் உள்ளே இருக்கும் ஆபத்து, கீழே எத்தனை பேர் என்ற எண். கீழே பூஜ்ஜியம் இருந்தால் நிம்மதி. சில வீட்டுக்காரர்கள் திரும்பி வந்து வீட்டைச் சரிசெய்த பிறகும் அந்தக் குறியை அழிக்கவில்லை.

10. செத்தவங்க 1,833ஆ, 1,392ஆ? ரெண்டு எண்ணும் பார்த்தேன்.

1,833 என்பது வெகுகாலம் எல்லோரும் எழுதிவந்த எண். பின்னால் வந்த ஆய்வுகளை வைத்து அமெரிக்க தேசிய ஹரிக்கேன் மையம் 2023இல் அதை 1,392 என்று திருத்தியது. வெள்ளத்தில் மூழ்கியவரை எண்ணுவது எளிது. முகாமுக்குப் போன இடத்தில் மாரடைப்பில் இறந்தவரைப் புயல் கணக்கில் சேர்ப்பதா என்பதில்தான் சிக்கல். தேர்வில் எழுதுவதானால் இப்போதைய எண்ணை எழுதுங்கள்.

11. ரீட்டால காத்து அடிக்கிறதுக்கு முன்னாடியே ஆள் செத்தாங்கன்னு சொல்றாங்களே, அது எப்படி?

கத்ரீனாவைத் தொலைக்காட்சியில் பார்த்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. செப்டம்பர் 21 அன்று ரீட்டா 285 கி.மீ. காற்றோடு 5ஆம் வகையாகி ஹூஸ்டன் பக்கம் திரும்பியதும், 25 லட்சம் பேருக்கு மேல் ஒரே நேரத்தில் சாலையில் இறங்கினார்கள். அவர்களில் பலர் வெளியேற வேண்டிய பகுதியில் இருந்தவர்களே இல்லை. கடும் வெயில், நூறு மைல் நீளத்துக்கு வாகன வரிசை, பெட்ரோல் தீர்ந்து ஓரங்கட்டிய கார்கள். முதியோர் இல்லத்திலிருந்து ஆட்களை ஏற்றிவந்த ஒரு பேருந்தில், டல்லாஸ் அருகே சக்கரப் பகுதி சூடேறித் தீப்பிடிக்க, உள்ளே இருந்த ஆக்சிஜன் சிலிண்டர்கள் வெடித்து 23 பேர் இறந்தார்கள்.

24ஆம் தேதி ரீட்டா 3ஆம் வகையாக டெக்சாஸ், லூசியானா எல்லையில் கரை ஏறி, கேமரன் போன்ற கடலோர ஊர்களைத் துடைத்துப் போட்டது. ஆனாலும் அந்தப் புயலோடு சேர்த்து எண்ணும் நூற்றுச் சொச்சம் சாவுகளில் பெரும்பாலானவை வெளியேறும் வழியில் நடந்தவை. ஒன்பதாம் கேள்வியில் போக முடியாமல் இறந்தவர்கள், இங்கே போகும் வழியில் இறந்தவர்கள். யார், எப்போது, எந்த வழியாகப் போவது என்று முன்னமே திட்டம் இல்லாவிட்டால் இரண்டுமே நடக்கும்.

12. எல்லாத்துலயும் பலமானது எது?

வில்மா. சந்தேகமே இல்லை. அக்டோபர் 18, 19இல் ஒரே நாளுக்குள் சாதாரணப் புயல் நிலையிலிருந்து 5ஆம் வகைக்குப் போனது. விமானத்தில் உள்ளே போய் அளந்தவர்கள் கண்ட கண்ணின் விட்டம் நாலு கி.மீ.கூட இல்லை. மைய அழுத்தம் 882 மில்லிபார், காற்று 295 கி.மீ. அட்லாண்டிக்கில் அதைவிடக் குறைந்த அழுத்தம் இன்றுவரை அளக்கப்படவில்லை.

பிறகு மெக்சிகோவின் கொசுமெல், கான்கூன் மேல் நகராமல் உட்கார்ந்துகொண்டது. பக்கத்திலிருக்கும் முஹேரெஸ் தீவில் 24 மணி நேரத்தில் 1,600 மி.மீ.க்கு மேல் மழை. சென்னையில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே சுமார் 1,400தான்.

13. அப்போ வில்மாலதான் நிறைய பேர் செத்திருக்கணும், இல்லையா?

இல்லை. கத்ரீனாவுக்கு அடுத்துப் பெரிய சோகம் ஸ்டான், அது வெறும் 1ஆம் வகை, காற்று 130 கி.மீ. அக்டோபர் 4 அன்று மெக்சிகோவின் வெராகுரூஸ் பக்கம் கரையேறிய உடனே உடைந்தும் போனது. ஆனால் அதை ஒட்டி மத்திய அமெரிக்கா முழுக்க நாள் கணக்கில் மழை கொட்டியது. குவாத்தமாலாவில் அதித்லான் ஏரிக்கரையில், தோலிமான் எரிமலையின் அடிவாரத்தில் பனபாஹ் என்று ஒரு மாயா கிராமம். 5ஆம் தேதி விடியுமுன், ஊர் தூங்கிக்கொண்டிருக்கும்போது மலைச்சேறு இறங்கி வீடுகளை மூடிவிட்டது. தோண்டத் தோண்டச் சேறு. கடைசியில் ஊர்க்காரர்களே தோண்டுவதை நிறுத்தச் சொல்லி, அந்த இடத்தையே இடுகாடாக விட்டார்கள்.

அந்த மழை முழுவதையும் ஸ்டான் கணக்கில் எழுதுவது சரியல்ல, புயலைவிடப் பெரிய ஒரு மழை மண்டலமும் அப்போது அங்கே நிலைகொண்டிருந்தது. அதனால்தான் ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு எண் காண்பீர்கள். மொத்தமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்பது உறுதி. செய்திகளில் கத்ரீனாவுக்குக் கிடைத்த இடத்தில் பத்தில் ஒரு பங்குகூட இவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

14. ஸ்பெயினுக்குக்கூட ஹரிக்கேன் வந்துச்சாமே?

வின்ஸ் வந்தது. மதெய்ரா தீவு அருகே, அவ்வளவு சூடில்லாத நீரில் ஹரிக்கேனாகி, அக்டோபர் 11 அன்று தாழ்வு மண்டலமாகத் தேய்ந்து ஸ்பெயினின் உவெல்வா பக்கம் கரை ஏறியது. நவம்பர் கடைசியில் டெல்டாவின் மிச்சம் கானரி தீவுகளில் அடித்தபோது, கடலோரம் விரல் நீட்டி நின்ற ‘கடவுளின் விரல்’ என்ற பாறையின் நுனி முறிந்து விழுந்தது.

15. இதெல்லாம் புவி வெப்பமாதலாலதானே?

ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் முடிக்க முடியாது. ஒரு தனிப் பருவத்தை அதன் மேல் முழுசாகச் சுமத்த முடியாது. நாலாவது பதிலில் சொன்ன சாதகங்களில் சில தானாக ஏறி இறங்குபவை. அடுத்த வருஷமே, 2006இல், பத்துப் புயல்தான் வந்தது. வில்மாவுக்குப் பிறகு 2017இல் ஹார்வி வரும்வரை 3ஆம் வகையோ அதற்கு மேலோ எந்தப் புயலும் அமெரிக்காவில் கரையேறவில்லை.

ஆனால் கடல் சூடேறுவது உண்மை, சூடுதான் தீனி. கத்ரீனாவுக்குச் சில வாரம் முன்னர்தான் கெர்ரி இமானுவேல் என்ற விஞ்ஞானி, புயல்கள் செலவிடும் ஆற்றல் முந்தைய முப்பது ஆண்டுகளில் கூடியிருக்கிறது என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார். புயல்களின் எண்ணிக்கையைப் பற்றி இன்னும் விவாதம் உண்டு. வருபவற்றில் கடுமையானவற்றின் பங்கு கூடும், மழை கூடும், கடல் மட்டம் உயர்வதால் கரையேறும் நீரும் கூடும் என்பதில் பெரும்பாலும் ஒத்த கருத்துதான்.

16. 2020ல 30 புயல் வந்து ரெக்கார்டு போயிடுச்சே. இன்னும் ஏன் 2005?

மொத்த எண்ணிக்கைதான் போனது. 15 ஹரிக்கேன், நான்கு 5ஆம் வகை, 882 மில்லிபார், மூன்றும் 2005இடமே இருக்கின்றன. எமிலியின் சாதனையும் போனது. ஜூலை 16இலேயே 5ஆம் வகை ஆனது அது. 2024இல் பெரில் ஜூலை 2 அன்றே ஆகிவிட்டது.

17. பேர் வச்சது 27, கணக்குல 28. ஒண்ணு எங்கே போச்சு சார்?

அக்டோபர் 4 அன்று அசோர்ஸ் தீவுகள் அருகே சின்னதாக ஒன்று வந்து போனது. அன்றைக்கு யாரும் அதைப் புயல் என்று எண்ணவில்லை. பருவம் முடிந்து தரவுகளைத் திரும்பப் பார்த்தபோதுதான் கண்டுபிடித்துப் பெயரில்லாமல் சேர்த்தார்கள். கொஞ்சம் விளையாட்டாகக் கணக்கிட்டுப் பாருங்கள். அன்றே கண்டுபிடித்திருந்தால் அதற்கு டாமி என்று பெயர். நிஜ டாமி வின்ஸ் ஆகியிருக்கும், வின்ஸ் வில்மா ஆகியிருக்கும், வில்மாவின் பெயர் ஆல்ஃபா என்று இருந்திருக்கும்.

18. கத்ரீனாங்கற பேரை இனிமே வைக்க மாட்டாங்களா?

மாட்டார்கள். பட்டியல் ஆறு வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். அதிக நாசம் செய்த புயலின் பெயரை மட்டும் நிரந்தரமாக எடுத்துவிடுவார்கள். 2005இல் டென்னிஸ், கத்ரீனா, ரீட்டா, ஸ்டான், வில்மா என ஐந்து பெயர்கள் போயின. கத்ரீனாவின் இடத்தில் இப்போது காட்டியா. 5ஆம் வகையைத் தொட்ட எமிலி தப்பித்துவிட்டது, அதன் பெயர் இன்னும் பட்டியலில் இருக்கிறது.

அதே 2005 பட்டியலில் ஐரீன், ஹார்வி, மரியா என்று மூன்று பெயர்கள் இருந்தன. அந்த வருஷம் அவை பெரும்பாலும் கடலிலேயே கழிந்தன, யாரும் அதிகம் பேசவில்லை, பெயர்கள் பட்டியலுக்குத் திரும்பின. 2011இல் வந்த ஐரீனுக்குப் பிறகு அந்தப் பெயர் நீக்கப்பட்டது. 2017இல் ஹார்வி ஹூஸ்டனை மூழ்கடித்தது, மரியா போர்ட்டோ ரிக்கோவை இருட்டில் தள்ளியது, அந்த இரண்டும் போயின.